குத்துமதிப்பு

டிசம்பர். மைனஸ் முப்பத்தொன்று.
கிருனாவுக்கு மேற்கே
சூரியன் எழாத ஒன்பதாம் நாள்.
முன்னால் நடக்கும் பெண் துருவமானின் கழுத்தில்
நான் எழுதிய நிரல் கண் விழிக்கிறது,
ஒரு முறை பார்க்கிறது,
மறுபடி படுத்துக்கொள்கிறது.

தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி.
உள்ளே இருக்கும் பேட்டரி
ஏப்ரல் இருபதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.
மாற்றிப்போட அங்கே யாரும் போக முடியாது.

முதல் குளிர்காலம்
எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தோம்.
கால் மணிக்கொரு தரம்
செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாக விசாரித்து
புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம்.
எந்தப் பாறையடியில் பாசி தோண்டியது
என்பதுவரை எங்களுக்குத் தெரியும்.
ஜனவரி பாதியில் நாற்பது பெட்டிகளும் செத்தன.
உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாதாமே,
எங்களுக்குக் கணக்கே மிஞ்சவில்லை.

பிறகு வெட்ட ஆரம்பித்தேன்.
முப்பத்திரண்டு பிட்டைப் பதினாறாக,
பதினாறை எட்டாக.
பெருக்கலின் வால் இலக்கங்களைக்
கூட்டாமல் விட்டேன்.
மின்னழுத்தத்தை இறக்கினேன்,
எண்கள் தள்ளாடும் இடம்வரை,
விழும் இடத்துக்கு ஒரு படி மேலே.
பின்னிரவில் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன்போல
வழியெல்லாம் தப்பு,
வாசல் மட்டும் சரி.

'பிழை: இருநூறு மீட்டர்' என்ற வரியை
தூரெ சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினான்.
பக்கத்தில் நான் எழுதினேன்:
பேட்டரி, மே பதினான்குவரை.
அதன்பின் அவன் பேசவில்லை.

மந்தை ரிஸ்தென்னுடையது.
எத்தனை மான் என்று நான் கேட்கவில்லை.
இங்கே அது
அடுத்தவர் வங்கிப் புத்தகத்தை எட்டிப்பார்ப்பது.
அவளாகச் சொன்னாள்:
"மரத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்குது."

திரையில் புள்ளி இருந்த இடத்தில்
மங்கலாய் ஒரு வட்டத்தைக் காட்டினேன்.
"இது போதும்" என்றாள்.
"மிச்சத்தை நாய் பாத்துக்கும்."

பிப்ரவரி ஏழு.
அறுபத்தெட்டு பெட்டி நிறைய இரும்புத்தாது,
நிறுத்த நினைத்தாலும் நிற்காத ரயில்.
என் வட்டம்
மந்தை தண்டவாளத்துக்குத் தெற்கே என்றது.
மந்தை தண்டவாளத்தின்மேல் நின்றது.
அங்கேதான் பனி தள்ளப்பட்டிருக்கிறது,
நடக்கச் சுலபம்.

பதினொன்று.
காதில் வெட்டிய குறிகளைத் துடைத்துப் பார்த்து
ஒன்றுவிடாமல் எண்ணினோம்.
எண்ணலாம் என்றிருந்தது அது ஒன்றுதான்.

ரிஸ்தென் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
கையுறையைக் கழற்றி
ஸ்னோமொபைல் இருக்கையில் படிந்த பனித்தூளில்
விரலால் ஒரு கோடு இழுத்தாள்.
"ஏரியில தப்பு பண்ணு. காட்டுல தப்பு பண்ணு,
எவ்வளவு வேணும்னாலும்.
இங்க பண்ணாத."

கோடை முழுக்க அந்தக் கோட்டைத்தான்
நிரலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தேன்.
இப்போது பெட்டி
ஏரிமேல் பாதித் தூக்கத்தில் உளறுகிறது.
காட்டில் உத்தேசமாக ஏதோ சொல்கிறது.
தண்டவாளம் எண்ணூறு மீட்டரில் வந்துவிட்டால்
முழு அழுத்தம், முப்பத்திரண்டு பிட்,
கஞ்சத்தனமாய்ச் சேர்த்ததையெல்லாம்
அள்ளிக் கொட்டுகிறது.
'சராசரித் துல்லியம் எவ்வளவு?'
தூரெயின் படிவத்தில் அந்தக் கட்டம்
இன்னும் காலி.
பேட்டரிக் கட்டத்தில் திருத்தியிருக்கிறேன்:
மே பதினான்கு அடித்து,
ஏப்ரல் இருபத்தாறு.

இன்றிரவு லூலியோவில்,
முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, என் மேசையில்
ஒரு வட்டம் சுருங்குகிறது.
கைக்குட்டை. நாணயம்.
புள்ளி.
ஏழு இலக்கமும் வந்து நிற்கின்றன.
மின்னோட்ட வரைபடம் ஊசியாய் எழுகிறது.
ரிஸ்தென்னின் போனுக்குச் செய்தி போய்விட்டது.
வண்டி கிளம்பும் சத்தம் இங்கே கேட்காது.
குத்துமதிப்பாக,
இந்நேரம்
முதல் பைன் மரங்களைத் தாண்டியிருப்பாள்.